சைக்கிள் பட்டறையில் தன்னார்வலராகச் சேர்கிறவர்களுக்கு

ஊரில் சைக்கிள் கடை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தண்ணீர்த் தொட்டிதான். அரைத் தொட்டி அழுக்குத் தண்ணீர், அதில் ட்யூபை முக்கிக் குமிழி தேடும் கடைக்கார அண்ணன், பக்கத்தில் குத்துக்காலிட்டு வேடிக்கை பார்க்கும் நாங்கள். ஸ்பேனரைத் தொட்டால் ‘வைடா கீழ’ என்று ஓர் அதட்டல் வரும். மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய காலம் முழுக்க அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன், ஒரு பஞ்சர்கூட ஒட்டியதில்லை. முதல் பஞ்சரை ஒட்டியது டொரொண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் ஒரு சமூகப் பட்டறையில். அப்போது எனக்கு முப்பத்தி நாலு வயது.

இந்தப் பட்டறைகளின் பழக்கம் நம்மூர்க் கடைக்கு நேர் எதிர். வண்டியோடு வருகிறவர்தான் ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். கருவி, ஸ்டாண்டு, பழைய உதிரி பாகங்கள், சொல்லித்தர ஓர் ஆள், இவ்வளவும் பட்டறை தரும். அந்தச் சொல்லித்தரும் ஆள்தான் தன்னார்வலர். காசு பெரும்பாலும் ‘முடிந்ததைப் போடுங்கள்’ கணக்குதான்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஊருக்கு ஒரு பெயர். டொரொண்டோவில் பைக் ஹப் என்பார்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் பைக் கிச்சன் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 2002 வாக்கில் சிலர் ஒரு குடியிருப்பின் சமையலறையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. லண்டனில் 2013 முதல் இயங்கும் தி பைக் புராஜெக்ட், நன்கொடையாக வரும் வண்டிகளைச் சரிசெய்து அகதிகளுக்குக் கொடுக்கிறது. டொரொண்டோவில் பல்கலைக்கழகத்தை ஒட்டி பைக்செயின், கிழக்கே ஸ்கார்பரோ சைக்கிள்ஸ், பிள்ளைகளுக்கு வண்டி கட்டக் கற்றுத்தந்து அந்த வண்டியையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சார்லிஸ் ஃப்ரீவீல்ஸ் என்று பல உண்டு. இடமும் நேரமும் அடிக்கடி மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது டொரொண்டோ அனுபவத்தை வைத்து. வேறு நகரங்களில் சட்டமும் பருவமும் மாறலாம், வேலை மாறாது.

சேர்வதற்கு முன்

முதலில் வாடிக்கையாளராகப் போங்கள். உங்கள் வண்டியையோ, கீழ்வீட்டுக்காரர் தூக்கிப்போடக் காத்திருக்கும் வண்டியையோ எடுத்துப்போய் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து சரிசெய்யுங்கள். யார் எப்படிப் பேசுகிறார்கள், புதியவரைக் கண்டால் முகம் மலர்கிறதா, பெண்கள் வந்தால் ஸ்பேனர் அவர்கள் கைக்குப் போகிறதா, அவர்களைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது ரகப் பட்டறை என்றால் வேறு இடம் தேடலாம். பெண்களுக்கென்றே தனி மாலை வைக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. தயக்கம் இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்கினால் சுலபம்.

பிடித்திருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் ‘தன்னார்வலராகச் சேரலாமா’ என்று கேளுங்கள். ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்று ஒரு தாளில் கையெழுத்து இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். சிறுவர்களோடு பழகும் வேலை என்றால் போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் கேட்கலாம். அதற்குச் சில வாரம் ஆகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். டொரொண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். பட்டறை வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் குறைந்தபட்ச வயது பட்டறைக்குப் பட்டறை வேறு. முதல் நாளே கேட்டு, மணி நேரத்தை அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் ஓடிவந்து ‘அங்கிள், 38 மணி நேரம் பாக்கி’ என்று நிற்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அப்புறம், அம்மா அப்பா தயவுசெய்து கூடவே வந்து நிற்காதீர்கள்.

எப்போது சேர்வது? எல்லோரும் வெயில் வந்ததும் மே மாதம் வருவார்கள். அப்போது வாசல் வரை வரிசை இருக்கும், உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. என் யோசனை, ஜனவரி பிப்ரவரியில் சேருங்கள். வெளியே பனி, உள்ளே நாலைந்து பேர், ஒரு ஹீட்டர், நன்கொடையாக வந்து குவிந்த வண்டிகள். நல்ல மெக்கானிக் ஒருவர் முழுதாக இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைப் பிரித்துக் காட்டுவது அந்த மாதங்களில்தான் நடக்கும். சாலையில் உப்புப் போடும் ஊர் இது. பனிக்காலத்திலும் ஓட்டிய வண்டிகளின் செயினும் கேபிளும் துருவேறி வந்து நிற்கும். ஒரு போல்ட் எப்படி இறுகிப்போகும் என்பதை அவை நன்றாகவே கற்றுத்தரும்.

எத்தனை நாள் வரமுடியும் என்று குறைத்தே சொல்லுங்கள். மாதம் இரண்டு தடவை, மூன்று மணி நேரம், ஒரு வருஷம் வருகிறவர்தான் பட்டறைக்கு வேண்டும். முதல் மாதம் வாரம் மூன்று நாள் வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிறவரை வைத்து ஷிப்ட் போட முடியாது.

உடுப்பு: கரி பட்டால் கவலைப்படாத சட்டை, விரலை மூடும் ஷூ. துப்பட்டா, தொங்கும் ஹூடிக் கயிறு, நீள முடி எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். மோதிரம் வீட்டில் இருக்கட்டும். கையுறை அங்கேயே கிடைக்கும்.

முதல் சில வாரம்: பிரிக்கும் வேலை

வந்த அன்றே கியர் சரிசெய்யக் கொடுக்க மாட்டார்கள். ஒரு வாளி நிறைய நட்டு போல்ட்டைக் கொட்டி அளவுவாரியாகப் பிரிக்கச் சொல்வார்கள். எனக்கும் முதல் நாள் கோபம் வந்தது. ஆனால் மூன்றாவது வாரம் பார்த்தால், கண்ணால் பார்த்ததும் இது 5 மில்லிமீட்டர் போல்ட், இது 6 என்று கை சொல்கிறது. பட்டறை வேலையில் பாதி, சரியான கருவியைத் தேடி நடக்காமல் இருப்பது. அறுகோணச் சாவியில் 4, 5, 6; ஸ்பேனரில் 8, 9, 10; சக்கர அச்சு நட்டுக்கும் பெடலுக்கும் 15. இவ்வளவும் மனதில் நின்றால் சாதாரண வண்டியில் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம்.

அடுத்தது, ஓட்டத் தகுதியில்லாத வண்டியைப் பிரித்துப் போடுவது. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கெடுவதற்கு ஒன்றுமில்லாத வண்டி, பயமில்லாமல் பிரிக்கலாம். வரிசை இதுதான்: சீட், சக்கரம், செயின், பிரேக், கேபிள், பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க், ஹேண்டில்பார், கடைசியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். ஃபோர்க்கைக் கழற்றும்போது உள்ளேயிருந்து பால்ரஸ் குண்டுகள் சிதறும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குண்டு இருந்தது என்று எண்ணிவையுங்கள். திரும்பப் பூட்ட ஒரு வண்டி வரும்போது அந்த எண்ணிக்கை வேண்டும். இரும்பு தனி, அலுமினியம் தனி, ரப்பர் தனி. கேபிளும் பிரேக் கட்டையும் தேய்ந்திருந்தால் குப்பைக்குத்தான். மறுபடி யாருக்கும் மாட்டக் கூடாது.

வண்டியை ஸ்டாண்டில் மாட்டும்போது சீட் கம்பியில் பிடியுங்கள். ஃபிரேம் குழாயில் கவ்வினால், மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும். சீட் கம்பியை உயர்த்தினால், அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

இன்னொன்று, விரல். யாராவது செயினில் கை வைத்திருக்கும்போது பெடலைச் சுற்றக் கூடாது. சுற்றுவதற்கு முன் ‘சுத்துறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் தனியாக இருக்கும்போதுகூட என்னையறியாமல் சொல்கிறேன்.

பஞ்சர், முழுசாக

வருகிற வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எல்லோரும் அரைகுறையாகச் செய்வதும் இதைத்தான்.

சக்கரத்தைக் கழற்றி, மிச்சக் காற்றை இறக்குங்கள். வால்வு இங்கே பெரும்பாலும் இரண்டு வகை. கார் டயரில் இருப்பது போலத் தடித்தது ஷ்ரேடர். மெலிந்து, உச்சியில் குட்டித் திருகு உள்ளது பிரெஸ்டா. அந்தத் திருகைத் தளர்த்தாமல் எவ்வளவு அடித்தாலும் காற்று போகாது. நம்மூர் வால்ட்யூப் போட்ட வகை இங்கே அபூர்வம்.

டயரை எடுக்கும் முன் ஒரு சின்ன வேலை. டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடம் வால்வுக்கு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூபில் ஓட்டை கிடைத்ததும், டயரில் அதற்கு நேரே எங்கே தேடுவது என்று உடனே தெரிந்துவிடும். டயரின் ஒரு ஓரத்தை மட்டும் லீவரால் நெம்பி எடுங்கள். ட்யூபை உருவிக் காற்றடித்து, காதோரம் வைத்துக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் தண்ணீர். எங்கள் பட்டறையில் இருப்பது தேய்ந்த ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி. அதில் குமிழி வரும்போது எனக்கு இன்னும் ஊர்க் கடை ஞாபகம்தான்.

ஓட்டையைக் கண்டதும் ஒட்டிவிடாதீர்கள், படியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்தது போல் இருந்தால் காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். ஓட்டை ட்யூபின் உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால், போக்ஸ் கம்பியை மூடும் ரிம் நாடா விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒட்டினால் வீட்டுக்குப் போவதற்குள் மறுபடி போகும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் டயரில் இன்னும் முள்ளோ கண்ணாடியோ உட்கார்ந்திருக்கிறது. டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள், துணி சிக்கும் இடத்தில் இருக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். நான் தடவியிருக்கிறேன்.

இனி ஒட்டலாம். உப்புத்தாளால் அந்த இடத்தின் பளபளப்புப் போகும் வரை தேயுங்கள். சொல்யூஷனை ஒட்டுத்துண்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, மெலிதாகத் தடவுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். ஐந்து நிமிஷம். இந்த ஐந்து நிமிஷம் பொறுக்க முடியாமல்தான் பாதி ஒட்டு பிய்கிறது. ஈரமாக மினுங்கும்போது ஒட்டக் கூடாது. மங்கிப்போய், விரல் நுனியை வைத்தால் லேசாக இழுக்கும் பதத்தில் ஒட்டி, அழுத்தித் தேய்க்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வந்தவரோடு பேசுங்கள். எங்கே வேலை, எவ்வளவு தூரம் ஓட்டுகிறார், வேறு என்ன சத்தம் வருகிறது. வண்டியின் மற்ற நோயெல்லாம் இந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது ட்யூபில் துளி காற்று அடித்து உருண்டையாக்கிவிட்டு வையுங்கள், மடிப்பு விழாது. டயர் ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். கடைசி நாலு விரற்கடை இறுக்கமாக இருக்கும், அங்கேதான் லீவரை எடுக்கத் தோன்றும். எடுத்தால் புது ஓட்டை போட்டுவிடுவீர்கள். எதிர்ப்பக்கம் டயரை ரிம்மின் நடுக்குழிக்குள் அழுத்திக்கொண்டே வாருங்கள், இந்தப் பக்கம் தளரும். எவ்வளவு காற்று என்பது டயர் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

டயர் அளவு என்னும் தலைவலி

‘இருபத்தாறு இஞ்சு டயர் குடுங்க’ என்று ஒருவர் கேட்டால், எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். இருபத்தாறு என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. பக்கவாட்டில் சின்ன எழுத்தில், நடுவே கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். அதில் இரண்டாவது, மூன்று இலக்க எண்தான் உண்மை. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். மவுண்டன் பைக் இருபத்தாறு என்றால் 559. பழைய மூன்று கியர் ராலே இருபத்தாறு என்றால் 590. எழுபது எண்பதுகளின் பந்தய வண்டி 27 இஞ்சு 630, இப்போதைய 700 சி 622. அந்த எட்டு மில்லிமீட்டரை மல்லுக்கட்டி ஏற்றிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நம்மூர் கருப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் 635. இதைத் தெரிந்துவைத்திருப்பதால் இங்கே ஒரு பயனும் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்த எண் அது.

செயினுக்கும் ஒரு அளவுதான். செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடு சரியாக விழ வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் செயின் தேய்ந்துவிட்டது. அதோடு ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும், செலவு மூன்று மடங்கு.

நான் கெடுத்த கிராங்க்

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு கல்லூரி மாணவர் புதுப் பெடல் மாட்ட வந்தார். பெடல்தானே என்று நானே எடுத்து, இடது கிராங்கில் திருகினேன். முதல் சுற்றே கடித்தது. நீளமான ஸ்பேனர் கையில் இருந்தது, பலமும் இருந்தது. திருகத் திருக உள்ளே போனது, வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் சுருளாக ஏதோ வெளியே வந்தது. அலுமினியம். வலது பெடலை இடப்பக்கம் ஏற்றியிருந்தேன்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை. பெடல் அச்சில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். முதல் நாலு சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலால் போகவில்லை என்றால் ஏதோ தப்பு. கழற்றும்போது திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் இழுங்கள். இரண்டு பெடலுக்கும் அதுவே பொருந்தும். மாட்டும் முன் மரையில் துளி கிரீஸ், அடுத்த தடவை கழற்ற வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

அன்றைக்குப் பிரித்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து அதே நீளக் கிராங்க் தேடிக் கிடைத்தது, தப்பித்தேன். கெடுத்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் எதையாவது கெடுத்தவர்கள்தான்.

கையைக் கட்டிக்கொள்வது

சரி, இதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. மரையும் எண்ணும் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

எங்கள் பட்டறையில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அங்கே பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை. சைக்கிளில்தான் ஊரே ஓடியது. வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர் அவர். ‘றலி’ (ராலே) சைக்கிள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் பட்டறையில் அவர் கையில் கருவியைப் பார்ப்பது அபூர்வம். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

ஒருநாள் அதிகாலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகும் ஓர் அக்கா வந்தார். முன் பிரேக் பிடிக்கவில்லை, லீவர் ஹேண்டில்பார் வரை வருகிறது. தமிழ் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. ‘தம்பி, நீங்களே செய்து தாங்கோவன், எனக்கு உதொண்டும் தெரியாது’ என்றார். நான் சாவியை எடுத்துக் குனிந்துவிட்டேன். பின்னாலிருந்து ஐயா குரல்: ‘தம்பி, சாவியைப் பிள்ளையிட்டைக் குடும். நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்.’

எட்டு நிமிஷ வேலை அது. லீவர் பக்கத்துக் குட்டித் திருகை முழுக்க உள்ளே திருகி, 5 மில்லிமீட்டர் சாவியால் கேபிள் போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பிரேக் கட்டையையும் ஒரு கையால் ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, மறு கையில் குறடால் கேபிளை இழுத்து, இறுக்க வேண்டும். மூன்றாவது கை தேவைப்படும் வேலை. அந்த மூன்றாவது கையாக நான் இருக்கலாம் என்று ஐயா அனுமதித்தார், பிரேக் கட்டையைப் பிடிக்க மட்டும். அக்கா முதலில் தப்பான போல்ட்டைத் தளர்த்தினார். எனக்கு நாக்கு துடித்தது. அவரே பார்த்து, ‘இது இல்லைப் போல’ என்று திரும்ப இறுக்கினார். கேபிள் நழுவியது, மறுபடி இழுத்தார். நாற்பது நிமிஷம் ஆனது. அப்புறம் பின் பிரேக்குக்கு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சில வழிகள். வந்தவர் வலப்பக்கம் நின்றால் நீங்கள் வண்டிக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கை தானாக நீளாது. ‘இதைத் திருகுங்கள்’ என்று சொல்லும் முன், ‘இது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள்’ என்று கேளுங்கள். செய்து காட்டியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் கிடக்கும் பழைய வண்டியில் காட்டுங்கள். அவசரமாக இருப்பவரிடம் பாடம் நடத்தாதீர்கள். இன்னும் அரை மணியில் வேலைக்குப் போக வேண்டியவருக்கு நீங்களே போட்டுக்கொடுத்து அனுப்புவதில் தப்பில்லை. ஐயாவும் அப்படித்தான் செய்வார். பாதுகாப்பு விஷயத்திலும் கை கட்ட வேண்டாம்: பிரேக்கும் சக்கர நட்டும் அவர் இறுக்கியபின் நீங்கள் ஒருமுறை கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளோடு வரும் அப்பாக்கள் தனி ரகம். பிள்ளை கையிலிருந்து பிடுங்கித் தாங்களே செய்வார்கள். அவர்களுக்கு வேறு ஒரு வண்டியைக் கொடுத்துத் தூரமாக உட்காரவைப்பது என் உத்தி.

வண்டி வாசலைத் தாண்டும் முன்

எந்த வேலைக்கு வந்த வண்டியானாலும், போகும் முன் முன்சக்கரத்தில் தொடங்கிப் பின்சக்கரம் வரை ஒரு நோட்டம். முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் அச்சின் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் லீவரை மூடும்போது உள்ளங்கையில் தழும்பு பதிய வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக்’ என்றால் அங்கே தளர்வு இருக்கிறது. முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள், தனியாகத் திரும்பக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும், டயரில் உரசினால் டயர் கிழியும். கிராங்கை ஆட்டுங்கள், சீட்டை முறுக்கிப் பாருங்கள், பின்சக்கரத்துக்கும் இதே சோதனை. கடைசியாக வண்டியை இரண்டு விரற்கடை உயரம் தூக்கிப் போட்டுச் சத்தம் கேளுங்கள். கலகலவென்றால் தேடுங்கள்.

ஒன்ராறியோ சட்டப்படி மணி வேண்டும், இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் ஹெல்மெட் கட்டாயம். மணியில்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். பிரித்த வண்டிகளின் மணிகள் ஒரு டப்பா நிறைய இருக்கும், குழந்தைகள் அதைக் கிண்டியே அரை மணி ஓட்டுவார்கள்.

வீல் பெண்டு எடுப்பதை மட்டும் முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். ஒரு போக்ஸைக் கால் சுற்று இறுக்கினால் எதிர்ப்பக்கத்துப் போக்ஸையும் யோசிக்க வேண்டும். ஆசையாக இருந்தால் குப்பையில் கிடக்கும் சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை வைத்துப் பழகுங்கள். முதல் சக்கரத்தை முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள், பரவாயில்லை.

‘முடியாது’ என்று சொல்வது

சில வண்டிகளைச் சரிசெய்யக் கூடாது. ஃபோர்க்கில் விரிசல், ஃபிரேமில் வளைவு, வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கோடு. நூறு டாலர் கொடுத்து வாங்கினேன் என்று கண்ணில் தண்ணீரோடு நிற்பார். தனியாகச் சமாளிக்காதீர்கள், மூத்தவரைக் கூப்பிட்டு இருவருமாகச் சொல்லுங்கள். அவருக்கு மாற்று வண்டி ஏதாவது கிடைக்குமா என்று அங்கேயே பாருங்கள். பேட்டரி வண்டிகளின் மின்பகுதியில் கை வைக்கவே வேண்டாம். அந்த வண்டிகளை உள்ளே எடுக்காத பட்டறைகளும் உண்டு, உங்கள் இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டு அறுத்த தடத்தோடு, எண் சுரண்டப்பட்டு ஒரு வண்டி வந்தால் நீங்கள் விசாரணை நடத்த வேண்டாம், ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் போதும்.

காசு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. எவ்வளவு தரட்டும் என்று கேட்பார்கள், ‘பரவாயில்லக்கா’ என்று நாம் சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லாதீர்கள். வாடகையும் சொல்யூஷனும் அந்த உண்டியலில்தான் வருகிறது. உண்டியல் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், போடுவதும் போடாததும் அவர் பாடு.

மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே புது வண்டி எடுப்பதை நிறுத்திவிடுவோம். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் கோடு வரைந்திருக்கும். எது காலியாக இருக்கிறதோ அதைத் தேட வேண்டும். பெரும்பாலும் காலியாக இருப்பது 15 ஸ்பேனர். எல்லோரும் மேசையடியிலும் டப்பாவிலும் தேடுவார்கள். முதலில் உங்கள் ஏப்ரன் பையைப் பாருங்கள். பாதி நாள் அது என் பையில்தான் இருக்கும்.